இரவில் எங்கே தூங்கினார்?

(பொன்விழா ஆண்டுக் குடும்ப நாளில், மாணவர் பொது அறிவுப் போட்டியின் பரிசளிப்புக்கு முன் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)





பரிசளிப்புக்கு முன்னால் எங்களுக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பின்னாலிருந்து பிரியாணி வாசனை வரத் தொடங்கிவிட்டது. ஆகையால் அதற்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

இந்த ஆண்டுப் போட்டிக்கு உலக நாடுகள், புகழ்பெற்ற கட்டடங்கள், வரலாற்று மனிதர்கள் என்று கேள்விகளைத் தொகுத்தோம். அதில் ஒன்று: "14-ஆம் நூற்றாண்டில் மொரோக்கோவிலிருந்து புறப்பட்டுச் சீனம் வரை சென்ற பயணி யார்?" கேள்வியை முழுதாகப் படித்து முடிப்பதற்குள் ஒரு சிறுமி மணியை அடித்து, "இப்னு பதூதா" என்று சொல்லிவிட்டாள். சரியான விடை, பத்து மதிப்பெண். ஆனால் அவள் உட்காரவில்லை. "ஃபோன் இல்லை, மேப் இல்லை, ஹோட்டல் புக் பண்ண முடியாது. அவர் ராத்திரி எங்கே தூங்கினார்?" என்று எங்களையே கேட்டாள்.

நடுவர் மேசையில் இருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விடைத்தாளில் அதற்கு விடை இல்லை. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் இந்த உரை.

இப்னு பதூதா 1304-இல் தான்ஜா நகரில் பிறந்தார். இன்று டான்ஜியர் என்று படத்தில் போட்டிருக்கும். ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலை அது. கடலுக்கு அப்புறம் ஸ்பெயின் தெரியும். காஜிகள் வந்த குடும்பம். 1325 ஜூன் மாதம், 21 வயதில், ஹஜ்ஜுக்கென்று புறப்பட்டார். துணைக்கு யாரும் இல்லை. தாய் தகப்பன் இருவரும் உயிரோடு இருந்தார்கள். அவர்களைப் பிரிந்தது தமக்கும் அவர்களுக்கும் பெரிய வேதனையாக இருந்ததென்று அவரே சொல்லியிருக்கிறார்.

போகிற வழியிலேயே காய்ச்சல். கீழே விழுந்துவிடாமல் இருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணம் செய்தார். அப்படியே துனிஸ் நகரை அடைந்தார். ஊர்க்காரர்கள் வாசல்வரை வந்து, உடன் வந்தவர்களுக்கெல்லாம் சலாம் சொல்லிக் கட்டித் தழுவுகிறார்கள். இவருக்குச் சலாம் சொல்ல அங்கே யாரும் இல்லை. யாரையும் தெரியாது. இருபத்தொரு வயது வாலிபர் அழுதுவிட்டார். உடன்வந்த ஹாஜி ஒருவர் அதைக் கவனித்து, பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுத்து, ஊருக்குள் நுழையும்வரை கூடவே இருந்தார். அன்றிரவு அவர் தங்கியது ஒரு மதரஸாவில்.

மகளே, உன் கேள்விக்கு முதல் விடை இதுதான். மதரஸாவில் தூங்கினார். பிறகு பள்ளிவாசல்களில், சூஃபிகளின் ஜாவியாக்களில், வணிகர்களின் சத்திரங்களில், காஜிகளின் வீடுகளில் தூங்கினார். படம் அவருக்குத் தேவைப்படவில்லை. படம் இல்லாத காலம் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு ஏறத்தாழ 170 ஆண்டு முன்பே, 1154-இல், அல் இத்ரீசி என்ற அறிஞர் சிசிலித் தீவின் மன்னருக்காக ஓர் அருமையான உலகப்படம் வரைந்து கொடுத்துவிட்டார். அதில் தெற்கு மேலே இருக்கும், நம் பிள்ளைகள் பார்த்தால் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்று நினைப்பார்கள். ஆனால் பயணிக்கு வழிகாட்டியது படமில்லை, அடுத்த ஊரில் யார் இருக்கிறார் என்று சொல்லக்கூடிய மனிதர்கள். அலெக்சாந்திரியாவில் ஒரு பெரியவர், "இந்தியாவில் என் சகோதரர் ஒருவர், சிந்துவில் ஒருவர், சீனத்தில் ஒருவர் இருக்கிறார்கள், பார்த்தால் என் சலாம் சொல்லுங்கள்" என்றாராம். அதுவரை அவ்வளவு தூரம் போகும் எண்ணமே இவருக்கு இல்லை. கடைசியில் மூவரையும் பார்த்துச் சலாமை ஒப்படைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

கட்டடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், போட்டியே அதைப் பற்றியதுதானே. அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கம் பண்டைய ஏழு அதிசயங்களில் ஒன்று என்று மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். அதை நேரில் பார்த்து எழுதிய கடைசி ஆட்களில் ஒருவர் இவர். 1303-இல் பெரிய நிலநடுக்கம் அதைக் குலுக்கியிருந்தது. 1326-இல் இவர் போனபோது ஒரு பக்கம் இடிந்திருந்தது, ஆனாலும் உள்ளே போக முடிந்தது. 23 ஆண்டு கழித்து, 1349-இல் மறுபடி போனார். வாசலுக்கு ஏறவே வழியில்லை, அவ்வளவு சிதைந்துவிட்டது. அதே இடத்தில் பிற்பாடு மம்லூக் சுல்தான் காயித்பாய் கட்டிய கோட்டையைத்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் பார்க்கிறார்கள்.

கான்ஸ்டாண்டிநோபிளில் ஹாகியா சோஃபியாவை வெளியிலிருந்துதான் பார்த்தார். அப்போது அது தேவாலயம். உள்ளே போகிறவர் சிலுவைக்கு முன் பணிய வேண்டும் என்றார்கள், இவர் நின்றுகொண்டார். இலங்கையில் ஆதம் மலைக்கு ஏறினார். அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. புத்தளத்தில் அந்த மன்னர், "உமக்கு என்ன வேண்டும்?" என்று கேட்க, "ஆதம் நபியின் பாதம் பதிந்த இடத்தைப் பார்க்க வேண்டும், வேறொன்றுமில்லை" என்றார் இவர். மன்னர் பல்லக்கும், வழி தெரிந்த யோகிகள் நால்வரையும், பிராமணர் மூவரையும், சாமான் தூக்கப் பதினைந்து பேரையும் கொடுத்தனுப்பினார். முஸ்லிம் பயணிக்குத் தமிழ் மன்னர் பல்லக்கு கொடுக்க, யோகிகள் வழிகாட்ட, அந்த மலைக்கு ஏறியிருக்கிறார்.

அவர் சொன்னதெல்லாம் சரியா என்றால், இல்லை. எகிப்தின் பிரமிடுகள் அடியில் வட்டமாகவும் மேலே குறுகிக் கூம்பு போலவும் இருக்கும் என்கிறார். நம் நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், அடிப்பகுதி சதுரம் என்று. பக்கத்தில் போகாமலே கேட்டதைச் சொல்லிவிட்டார் என்றுதான் எண்ண வேண்டியிருக்கிறது. சில இடங்களில் அவருக்கு முன் பயணம் செய்த இப்னு ஜுபைரின் வருணனை அப்படியே வந்திருக்கிறது. குறிப்புகள் கடற்கொள்ளையில் பறிபோன பிறகு நினைவிலிருந்து சொன்ன நூல் அது. 1355-இல் ஃபெஸ் நகரில் இப்னு ஜுஸை என்ற எழுத்தாளர் கேட்டு எழுதி முடித்தார். அந்தக் காலத்திலேயே அரசவையில் பலர் நம்பவில்லை என்று இப்னு கல்தூன் எழுதியிருக்கிறார். அவரும் சந்தேகப்பட்டு ஒரு வஜீரிடம் போயிருக்கிறார். அந்த வஜீர் ஒரு கதை சொன்னார். தகப்பனோடு சிறையிலேயே வளர்ந்த ஒரு பையன். அவன் பார்த்த ஒரே பிராணி எலி. தகப்பன் ஆட்டைப் பற்றி விவரித்தபோது, "ஆடு என்றால் எலி மாதிரி இருக்குமா?" என்று கேட்டானாம். நாம் பார்க்காததை எல்லாம் பொய் என்று தள்ளிவிடாதீர் என்பது வஜீரின் கருத்து. பிரமிடு வட்டம் என்பதை ஒத்துக்கொள்ள முடியாதுதான். ஆனால் வஜீர் சொன்னதும் நியாயமாகவே படுகிறது.

எங்களுக்கு அந்த நூலில் கட்டடங்களைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. டமாஸ்கஸில் உமையா பள்ளிவாசலைப் பக்கம் பக்கமாக வருணித்தவர், ஒரு சந்தில் நடந்த சின்னச் சம்பவத்தையும் சொல்கிறார். ஓர் அடிமைச் சிறுவன் கையிலிருந்த சீனப் பீங்கான் தட்டு விழுந்து நொறுங்கிவிட்டது. கூட்டம் கூடியது. ஒருவர், "துண்டுகளைப் பொறுக்கிக்கொள், பாத்திர வக்ஃபு நாஜிரிடம் போவோம்" என்று அழைத்துப் போனார். நாஜிர் துண்டுகளைப் பார்த்துவிட்டு, அதே மாதிரித் தட்டு வாங்கப் பணம் கொடுத்தார். உடைந்த பாத்திரத்துக்கென்றே ஒரு வக்ஃபு! எஜமானிடம் அடிபடாமல் பையனைக் காப்பாற்ற, எப்போதோ ஒரு புண்ணியவான் சொத்து எழுதி வைத்திருக்கிறார். ஹஜ்ஜுக்குப் போக முடியாதவர்களுக்கு, ஏழைக் குமருகளின் கலியாணச் சாமானுக்கு, கைதிகளை மீட்பதற்கு, வழிப்போக்கர்களுக்கு உணவும் உடையும் ஊர் திரும்பும் செலவும் கொடுப்பதற்கு, தெருவுக்குக் கல் பாவுவதற்கு என்று தனித்தனி வக்ஃபுகள் இருந்தன. நம் சங்கத்தின் நிதிக்குழுவினர் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கலாம். பாத்திரம் உடைந்தால் இங்கே சமையல்காரருக்கு என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அனத்தோலியாவில், இன்றைய துருக்கியில், இன்னும் வேடிக்கை. லாதிக் என்ற ஊரின் கடைவீதியில் நுழைந்ததும் கடைகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வேறொரு கூட்டம் வந்து அவர்களோடு சண்டை. சிலர் கத்தியே உருவிவிட்டார்கள். கொள்ளையர்கள் என்று இவர் நடுங்கிப்போனார். அரபி தெரிந்த ஒருவர் வந்து விளக்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. இரண்டும் ஊர் இளைஞர்களின் அகீ சங்கங்கள். விருந்தாளி எங்களுக்குத்தான் என்று சண்டை! சீட்டுக் குலுக்கி, முதலில் ஒரு சங்கத்திலும் பிறகு மற்றொன்றிலும் தங்க வைத்தார்கள். இந்த அகீகள் மதகுருமார்களோ செல்வந்தர்களோ இல்லை. கைத்தொழில் செய்கிறவர்கள், பெரும்பாலும் மணமாகாதவர்கள். பகலில் உழைத்துச் சம்பாதித்ததை அஸருக்குப் பிறகு தலைவரிடம் கொண்டு வந்து கொடுப்பார்கள். அதில் பழமும் சாப்பாடும் வாங்கி, அன்று ஊருக்கு வந்த பயணியோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பயணி யாரும் வராவிட்டால் தாங்களே சேர்ந்து சாப்பிடுவார்கள். ஆறரை நூற்றாண்டு கழித்து, பலகாரக்கடை, நாணயமாற்றுக்கடை, துணிக்கடைகளில் வேலை பார்த்த மணமாகாத நம் பெரியவர்கள் மாதச் சம்பளத்தில் ஆளுக்கு ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி போட்டுத்தான் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அகீ என்ற சொல்லை அவர்கள் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள்.

1334-இல் டெல்லி. சுல்தான் முகம்மது பின் துக்ளக் அவரைக் காஜியாக்கி, ஆண்டுக்கு 12,000 தீனார் சம்பளம் கொடுத்தார். பிறகு சீனத்துக்குத் தூதராக அனுப்பினார். கள்ளிக்கோட்டைக் கரையில் புயலில் கப்பல் உடைந்து, தூதுப் பொருள்கள் எல்லாம் போயின. வெறுங்கையோடு சுல்தானிடம் திரும்பிப் போகப் பயந்து மாலத்தீவுக்குப் போனார், அங்கேயும் காஜி. இலங்கையிலிருந்து மஅபருக்கு, அதாவது நம் தமிழகக் கரைக்கு வரும்போது கப்பல் மறுபடி ஆழமில்லாத கடலில் சிக்கியது. மறுநாள் காலை ஊர்க்காரர்கள் தோணியில் வந்து கரை சேர்த்தார்கள். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை. சகலை என்பதற்காக அவர் எதையும் மறைக்கவில்லை. அந்த சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லி, கடுமையாகக் கண்டித்திருக்கிறார். அவரைப் பற்றியும் நாம் மறைக்கக் கூடாது. போன ஊரிலெல்லாம் மணம் செய்தார், விட்டுவிட்டும் போனார், அடிமைகளும் வைத்திருந்தார். பயணத்தைப் பாராட்டுகிற நாம் அந்தப் பெண்களையும் நினைக்க வேண்டும்.

பிறகு நம் கடலுக்கு வந்தார். சுமத்ராவின் வடகரையில் சமுத்ரா பாசாய். அந்தச் சமுத்ரா என்ற ஊர்ப் பெயரே பிறகு தீவு முழுதுக்கும் பெயராயிற்று. அங்கே 15 நாள் தங்கினார். சுல்தான் அல் மலிக் அஸ்ஸாஹிர் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர், ஆலிம்களோடு சட்டம் பேசுவதில் பிரியமுள்ளவர், ஜும்ஆவுக்கு நடந்தே வருகிற பணிவுள்ளவர் என்று மனமாரப் புகழ்கிறார். மலாக்கா அப்போது இல்லை. அது எழ இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. நம் சிங்கப்பூரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, கொஞ்சம் வருத்தம்தான். அங்கிருந்து சீனத்துக்குப் பாய்மரக் கப்பல் காற்றைப் பார்த்துத்தான் கிளம்ப முடியும். நம் கரையோர மக்கள் கச்சான் என்று சொல்லும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கிழக்கே போவார்கள், வாடைக் காற்றில் திரும்புவார்கள். அந்தக் காற்றுக் காலத்துக்கு அரபியில் மவ்சிம் என்று பெயர். பிள்ளைகளே, நீங்கள் மலாயில் மூசிம் என்று சொல்வது அந்தச் சொல்தான்.

சீனத்தில் ஒருநாள், தங்கியிருந்த இடத்துக்கு ஒரு பெரிய மனிதர் பார்க்க வந்தார். பேசிக்கொண்டிருந்தபோது இவர் அவரையே உற்றுப் பார்த்தார். எங்கேயோ பார்த்த முகம். விசாரித்தால், இவருடைய தான்ஜாவுக்குப் பக்கத்து ஊரான சப்தாவைச் சேர்ந்தவர். முன்பு டெல்லியிலும் சந்தித்திருக்கிறார்கள். அவர் அழுதார், இவரும் அழுதுவிட்டார். சில ஆண்டுகள் கழித்து, சஹாரா பாலைவனத்தின் ஓரத்தில் சிஜில்மாசா என்ற ஊரில் இவருக்கு இடம் கொடுத்தவர் அந்த மனிதரின் உடன்பிறந்தவர். ஒருவர் சீனத்தில், ஒருவர் சஹாரா ஓரத்தில். அந்தச் சகோதரர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று அவரே வியந்து போகிறார். நமக்கு அது வியப்பில்லை. ஒரு தம்பி ஈப்போவில், ஒரு தம்பி பினாங்கில், அண்ணன் இங்கே, உம்மா ஊரில் என்றுதான் நம் குடும்பங்கள் இருந்தன.

இனிச் சொல்லப்போவது பரிசளிப்பு நாளில் சொல்ல வேண்டியதா என்று குழுவில் யோசித்தோம். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பாதி விடைதான் கொடுத்தவர்களாவோம் என்று முடிவு செய்தோம்.

1348-இல் டமாஸ்கஸுக்குத் திரும்பினார். ஊரைவிட்டுப் புறப்பட்டு 23 ஆண்டு ஆகிவிட்டது. முன்பு அங்கே ஒரு மனைவியைக் கருவுற்றிருந்த நிலையில் விட்டுப் போயிருந்தார். ஆண் குழந்தை பிறந்த செய்தி இந்தியாவில் இருக்கும்போது கிடைத்தது. 40 தங்க தீனார் அனுப்பி வைத்தார். இப்போது பள்ளிவாசலில் ஒருவரைக் கண்டு, முதல் கேள்வியாக மகனைப் பற்றிக் கேட்டார். அவன் மௌத்தாகிப் பன்னிரண்டு ஆண்டு ஆகிவிட்டது என்றார் அவர். தான்ஜாக்காரர் ஒருவர் ஒரு மதரஸாவில் இருக்கிறார் என்றும் தெரிந்தது. ஓடிப்போய்த் தாய் தகப்பனைப் பற்றி விசாரித்தார். தகப்பனார் இறந்து பதினைந்து ஆண்டு. உம்மா உயிரோடு இருக்கிறார்.

அந்த ஆண்டுதான் கொள்ளைநோய் அந்த நாடுகளில் பரவியது. ஆயிரக்கணக்கில் சாவு. டமாஸ்கஸ் மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, முஸ்லிம்கள் குர்ஆனோடும் யூதர்கள் தவ்ராத்தோடும் கிறிஸ்தவர்கள் இன்ஜீலோடும் வெறுங்காலில் ஊருக்கு வெளியே பாதச்சுவட்டுப் பள்ளிவாசல்வரை நடந்து போய் அழுது துஆ கேட்டதை அவர் பார்த்தார். பிறகு எகிப்துக்கும், அங்கிருந்து மீண்டும் மக்காவுக்கும் போனார். ஹஜ்ஜை முடித்துக்கொண்டு 1349-இல்தான் மொரோக்கோவை நோக்கித் திரும்பினார். தாஸா என்ற ஊருக்கு வந்தபோது சேதி கிடைத்தது. உம்மா கொள்ளைநோயில் இறந்துவிட்டார். தான்ஜாவுக்குப் போய் கபுறை ஜியாரத் செய்தார். அதைப் பற்றி அவர் நீளமாக ஒன்றும் எழுதவில்லை. சீனத்துக் கோழியைப் பற்றி எழுதிய அளவுகூட இல்லை.

டமாஸ்கஸிலிருந்து நேரே போயிருந்தால் முகத்தைப் பார்த்திருப்பாரோ என்று எங்களில் ஒருவர் கேட்டார். கூட இருந்த மூத்தவர் ஒருவர், "அப்படிச் சொல்லாதீர்கள், தம்பி" என்றார். அவர் 1950-களில் ரஜூலா கப்பலில் வந்தவர். நாகப்பட்டினத்தில் ஏறி, தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்து, இங்கே இறங்கியவர். தந்தி என்றாலே அந்த நாளில் மௌத்துச் செய்திதான். தந்தி கையில் கிடைக்கும்போது ஊரில் அடக்கம் முடிந்திருக்கும். அடுத்த கப்பலுக்குக் காத்திருந்து போனாலும் நாற்பதுக்குத்தான் போய்ச் சேரலாம். அதற்கும் முதலாளி விட வேண்டும், டிக்கெட்டுக்குக் காசு வேண்டும். பள்ளியில் காயிப் ஜனாஸா தொழுதுவிட்டு மறுநாள் சுபுஹுக்குக் கடையைத் திறந்தவர்கள் இந்த மண்டபத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பெற்ற உம்மாவின் கபுறை முதன்முதலாகப் பத்து ஆண்டு கழித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஊரில் தனியாக இருந்து பிள்ளைகளை வளர்த்த தாய்மார்களின் கணக்கை எந்தப் பயண நூலிலும் யாரும் எழுதியதில்லை.

இப்னு பதூதா நடந்தும் மிதந்தும் போன தூரம் சுமார் 1,17,000 கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். போட்டியில் அதையும் கேட்டோம், பலர் சரியாகச் சொன்னார்கள், மாஷா அல்லாஹ்.

அடுத்த ஆண்டுப் போட்டிக்கு ஒரு கேள்வியை இப்போதே அறிவித்துவிடுகிறோம். இதற்கு எந்தப் புத்தகத்திலும் கணினியிலும் விடை கிடைக்காது. உங்கள் நன்னாவிடமோ, நன்னியிடமோ, அத்தாவிடமோ கேளுங்கள்: இந்த ஊருக்கு வந்த முதல் இரவு நீங்கள் எங்கே தூங்கினீர்கள்? கடை மாடியிலா, அஞ்சடியில் துணிக்கட்டில் போட்டா, பள்ளிவாசல் திண்ணையிலா? யார் இடம் கொடுத்தார்கள்? அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்? ஒரு தாளில் எழுதி, ஊர்ப் பெயரையும் ஆண்டையும் போட்டு, சங்க அலுவலகத்தில் கொடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி நூலகத்தில் வைப்பதாகக் குழு முடிவு செய்திருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். இன்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே தொடங்கலாம்.

கேள்வி கேட்ட அந்த மகள் இப்போது மேடைக்கு வரட்டும். முதல் பரிசு அவளுக்குத்தான். ஆனால் அது இந்தக் கேள்விக்காக இல்லை, மதிப்பெண்ணிலேயே அவள்தான் முதல்.